தாலுகா ஆபீசில் தெரிந்த நோய்

என் நுரையீரலும் இருதயமும் கெட்டுப்போயிருக்கின்றன என்று எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. நன்னிலம் தாலுகா ஆபீசில், தாசில்தார் முன்னால், ஒரு குத்தகை விசாரணையில் என் சொந்த அண்ணன் சாட்சி சொன்னபோதுதான் அது எனக்கே தெரிந்தது. அவருக்கு அதற்கு இரண்டு வருடம் முன்பே தெரியும். இதை எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது. கோபம் வந்தால் எனக்கு மூச்சு வாங்கும். அதனால் நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன்.

வழக்கு மூன்று மா நிலத்துக்காக. கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். சொந்த நிலம் இல்லை, குத்தகை நிலம். அப்பா ஒரு காலத்தில் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். கூலிக்காகப் போராட்டம் நடந்த வருடங்களில் கொடி பிடித்துப் போலீஸ் லாரியில் ஏறி, ஒரு காது கேட்காமல் திரும்பி வந்தார். பிறகு ஆட்சி மாறியது, சட்டங்கள் வந்தன, குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்தார்கள். அப்பாவின் பெயரும் பதிவானது. மிராசுதார் குடும்பம் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. நேற்றுவரை கைகட்டி நின்றவன் பெயர் சர்க்கார் காகிதத்தில் இருப்பதை எப்படித் தாங்குவார்கள்?

அந்தப் பதிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. குத்தகைதாரர் தன் உடம்பால் வயலில் உழைக்க வேண்டும், அல்லது அவர் குடும்பத்தில் ஒருவராவது உழைக்க வேண்டும். முழுக்க ஆள் வைத்துச் சாகுபடி செய்தால் பெயரை நீக்கச் சொல்லி நிலத்துக்காரர் மனுப் போடலாம். எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது தெரியும். காலில் சேறு இருக்கும்வரைதான் நிலம் நம்முடையது என்று அப்பா அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடமே புருஷன் பாம்பு கடித்து இறந்துபோனார். குழந்தை இல்லை. மாமியார் வீட்டில் என்னை வைத்துக்கொள்ளவும் மனமில்லை, அனுப்பவும் மனமில்லை. அண்ணன்தான் வந்து சண்டை போட்டு, என் டிரங்குப் பெட்டியைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு என்னை அப்பா வீட்டுக்குக் கூட்டிவந்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் அழுதுகொண்டே இருந்தேன். நான் இருக்கும்வரை உனக்கு ஒன்றும் வராது என்றார். அப்பா போன பிறகு, குத்தகைப் பதிவை என் பெயருக்கு மாற்ற அவரே கையெழுத்துப் போட்டார். அவருக்குக் குடவாசலில் தனிக் குடும்பமும் உரக்கடையும் இருந்தன, கட்சியில் ஒரு பொறுப்பும் இருந்தது. வயலுக்கு வந்தால் கரை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்போடு நின்றுவிடுவார். நான் சிரிப்பேன். அண்ணன் என்றால் எனக்கு அவ்வளவு உயிர்.

நோய் முதலில் விரலில்தான் வந்தது. மார்கழிக் காலையில் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் சுண்ணாம்பாக வெளுக்கும். பிறகு நீலமாகும், பிறகு சிவந்து நெருப்பாக எரியும். கூட வேலை செய்த பெண்கள் கலர் பல்பு எரிகிறது என்று கேலி செய்தார்கள். அடுத்த வருடம் விரல் தோல் இறுகத் தொடங்கியது. மோதிரத்தை ஆசாரியிடம் போய் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. முகத் தோலும் இறுகி, இருந்த சுருக்கமெல்லாம் போய்விட்டது. என்ன சோப்புப் போடுகிறாய் என்று சிலர் நிஜமாகவே கேட்டார்கள். வாய் சிறுத்துக்கொண்டே வந்தது. சோற்றுக் கவளத்தைச் சின்னச் சின்னதாக உருட்டித்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

குஷ்டம் என்று ஊருக்குள் ஒரு பேச்சுக் கிளம்பியது. சுகாதார ஊழியர் வந்து ஊசியால் குத்திப் பார்த்தார். உணர்ச்சி இருக்கிறது, குஷ்டம் இல்லை என்று தெருவில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கோவில் கட்டலாம். ஆனால் வேறு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை.

பிறகு வறட்டு இருமல் வந்தது. அதற்குப் பின்னாலேயே மூச்சுத் திணறலும் வந்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் சிவப்பாகப் போனதுதான் மிச்சம், இருமல் நிற்கவில்லை.

எங்கள் ஊர் நடவில் பாட்டெடுப்பவள் நான். ஒருத்தி எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே நாற்றை ஊன்றுவார்கள். பாட்டு நின்றால் கையும் மெதுவாகிவிடும். அந்த வருடம் சம்பா நடவில் என்னால் ஓர் அடியை முழுதாகப் பாட முடியவில்லை. பாதியில் இருமல் வந்துவிடும். பக்கத்தில் நின்றவள் எதுவும் கேட்காமல் மீதி அடியைத் தானே பாடினாள். கொஞ்ச நாளில் பாட்டையே அவள் எடுத்துக்கொண்டாள். நான் பின்தங்கினால் இரண்டு பக்கத்துப் பெண்களும் கையை நீட்டி நான் நட வேண்டிய பத்தியையும் சேர்த்து நட்டுவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே வரிசையில்தான் தெரிவோம்.

அவர்கள் அப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. மிராசுதாரின் காரியக்காரர் தினமும் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நிற்பார். நான் வயலில் இருக்கிறேனா என்பதுதான் அவருக்கு வேண்டியது. நான் ஒருநாள் வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே பண்ணை வீட்டுக்குத் தகவல் போய்விடும். அதனால் உடம்புக்கு என்ன செய்தாலும் காலையில் சேற்றில் இறங்கிவிடுவேன். வரப்பில் இரண்டு எட்டு நடந்தால் நெஞ்சு படபடக்கும். நின்று, பயிரைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு நடப்பேன். இந்த ஊரில் என்னளவுக்குப் பயிரைப் பார்த்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

அண்ணன் ஒருநாள் வந்து என் விரலைப் பார்த்துப் பதறி, தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். பெரிய டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள், நெஞ்சில் பசையைத் தடவி டிவிப் பெட்டி மாதிரி ஒன்றில் பார்த்தார்கள். டாக்டர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். நீளமாக மூச்சை இழுக்கச் சொன்னார். நான் இழுத்ததை நீளம் என்று சொல்ல முடியாது. எல்லாம் முடிந்ததும், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் அது சாதாரணக் கேள்வி. நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, கூட வந்த ஆம்பளையிடம் விஷயத்தைச் சொல்வார்கள். நோயாளி பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. அண்ணன் உள்ளே போனார், நான் நடையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் வெளியே வரும்போது சட்டைக் காலர் நனைந்திருந்தது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அவர் குடிக்கவில்லை.

"வெறும் தோல் வியாதிதாம்மா. உள்ளுக்குள்ள ஒண்ணும் இல்லன்னுட்டாரு. களிம்பு தடவுனா போதும்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி. திரும்பும்போது பாபநாசம் தாண்டும்வரை அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வளர்ந்த பிறகு அவர் என் கையைத் தொட்டது அன்றுதான். இறுகிப்போன விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொடுத்தார். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அன்றைக்கு அவர் நெஞ்சில் இருந்தது பாசம்தான் என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும். அப்புறம் நடந்ததை நினைத்தால் அந்தக் கையை உதறிவிட வேண்டும் போலிருக்கும்.

களிம்பைத் தடவிக்கொண்டு இரண்டு வருடம் வயலில் நின்றேன். நாற்றுப் பறித்தேன், நட்டேன், களை எடுத்தேன். கால் வீங்கியது, தண்ணீரில் நிற்பதால் என்று நினைத்துக்கொண்டேன். படுத்தால் மூச்சு முட்டியது, போரடித்த வைக்கோல் தூசி என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே, பின் என்ன பயம்? அண்ணன் வரும்போதெல்லாம் முதலில் மூச்சு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார். தோல் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மிராசுதார் மனுப் போட்டார். இந்த அம்மாள் உடலுழைப்பால் சாகுபடி செய்யவில்லை, பதிவிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று. விவசாயிகள் சங்கத்து வக்கீல் எங்களுக்காக வந்தார். கவலைப்பட வேண்டாம், கூட நடுகிற நாலு பெண்கள் வந்து சொன்னால் போதும் என்றார். அண்ணனும் சாட்சிக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். கட்சிக்காரர், கரை வேட்டி கட்டியவர், ஆபீசில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்கும் என்று பெண்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

தாலுகா ஆபீசில் அண்ணன் மிராசுதார் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம்தான் மின்விசிறி ஓடியது. காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார்.

முதலில் பெண்கள் சொன்னார்கள். தினமும் வருகிறாள், எங்களோடுதான் நடுகிறாள் என்று ஒருவர் மாறாமல் சொன்னார்கள். அடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். எதிர் வக்கீல் எழுந்து, உங்கள் தங்கை வயல் வேலை செய்யும் நிலையில் இருக்கிறாரா என்று கேட்டார்.

"இல்லைங்க. அவளுக்கு நுரையீரல் ரெண்டும் இறுகிப்போச்சு. இருதயத்துக்கும் வந்துடுச்சு. வேலை எதுவும் செய்யக் கூடாதுன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே பெரிய டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாருங்க. அவ பத்தியை மத்தவங்கதான் நட்டுக் குடுக்கறாங்க. தனிக் குடும்பம்ங்கறதால நானும் அந்த வயல்ல இறங்கறது இல்லைங்க."

மனப்பாடம் செய்ததைப் போல, எங்கேயும் தடுக்காமல் சொன்னார். முதலில் அவர் வேறு யாரைப் பற்றியோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு என் கால் தானாக எழுந்து நின்றது. உட்காரச் சொல்லி டவாலி போட்ட சேவகர் கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, எனக்கு இருதயத்துலயுமா இருக்கு?" என்று கேட்டேன்.

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உங்களுக்குத் தெரியாதா அம்மா என்று என்னைக் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அதுவும் எனக்கு எதிராகத்தான் போனது. நோய் இல்லை என்று நான் சொல்லவில்லையே, தெரியாது என்றுதானே சொன்னேன். எங்கள் வக்கீல் குனிந்து, உண்மையா என்று என் காதில் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், அவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். பாட்டை எனக்காக எடுத்துக்கொண்டவள் அங்கேயே அழுதாள். எனக்குக் கை கொடுத்ததே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டதே என்று அவளுக்கு.

அந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனேன். டாக்டர் என்னைப் பார்த்ததும் கோபப்பட்டார். எங்கே போயிருந்தீர்கள் இத்தனை நாள் என்றார். மாதாமாதம் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் நிற்கக் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று எல்லாவற்றையும் அண்ணனிடம் விவரமாகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். எனக்கு வந்தது களிம்பு மட்டும்தான்.

எல்லாவற்றையும் என்னிடமே சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். நோய்க்கு ஸ்கிளீரோடெர்மா என்று பெயர். வெளியே தோல் இறுகுகிற மாதிரி உள்ளே நுரையீரலும் இறுகும். நுரையீரலின் அடிப்பக்கம் கஞ்சி போட்டுக் காயவைத்த துணியாக விறைத்துப்போயிருக்கிறது, மூச்சை இழுத்தாலும் விரிவதில்லை. நுரையீரலின் ரத்தக் குழாய்களும் குறுகிவிட்டன. அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலது பக்கம் வீங்கியிருக்கிறது. என் கால் வீக்கம் அங்கிருந்து வந்தது, வயல் தண்ணீரிலிருந்து இல்லை. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். இரண்டு வருடம் முன்பே தொடங்கியிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அண்ணனிடம் வேறு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மருந்து எடுக்காவிட்டால் இரண்டு வருடம் தாண்டுவது கஷ்டம் என்று எச்சரித்ததாகச் சொன்னார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பயந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்றார். அதற்கு முன் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள் போல, மேஜையில் இருந்த பேனாவை எடுத்து எடுத்து வைத்தார். நல்ல மனிதர். அவர் மருந்தில்தான் நான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் என் நெஞ்சைப் பற்றிய சேதியை என்னைக் கேட்காமல் இன்னொருவர் கையில் கொடுத்தவர் அவர்தான். அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை.

ஊசி போட ஆரம்பித்தார்கள். போடும் நாளில் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். முடி கொட்டியது, வாந்தி வந்தது. மெதுவாகக் கால் வீக்கம் வடிந்தது. மூச்சு முன்போல ஆகவில்லை, ஆனால் அதற்கு மேல் இறங்கவும் இல்லை. ஊர் நூலகத்தில் பகுதி நேர வேலை ஒன்று கிடைத்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலை. பேனாவில் துணியைச் சுற்றிப் பருமனாக்கிக்கொண்டு எழுதப் பழகியதும் அங்கேதான்.

தாசில்தார் உத்தரவு வந்தது. பதிவிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டார்கள். அடுத்த குறுவைக்கு அந்த மூன்று மாவும் புதுக் குத்தகையாக அண்ணன் பெயருக்குப் போனது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றவர் பெயருக்கு. உடலுழைப்பு என்ற சட்டம் அவர் விஷயத்தில் எங்கே போய்ப் படுத்துக்கொண்டது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மிராசுதாருக்குத் தேவை அப்பாவின் பெயரில் வந்த பழைய பதிவு ஒழிய வேண்டும், அவ்வளவுதான். தான் நினைத்தபோது நிலத்தைவிட்டு எழுப்பிவிடக் கூடிய ஆளாக அண்ணன் அவருக்கு வாய்த்தார்.

அறுவடை முடிந்ததும் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நான் வரச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆயுசுக்கும் உனக்கு நெல் அனுப்புகிறேன், நீ கஷ்டப்பட வேண்டாம் என்றார். எனக்கு அவர் நெல் வேண்டாம், ஒரே ஒரு பதில் போதும் என்றேன். அன்றைக்கே ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அண்ணன் அழுதார். நடிப்பு இல்லை, நிஜ அழுகைதான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர் ரெண்டு வருஷம்னாரு. சொன்னா அன்னிக்கே ஒடிஞ்சு போயிருப்ப. இருக்கற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"மருந்து எடுக்கலன்னாதான் ரெண்டு வருஷம்னு சொன்னாராம்ல?"

"மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு அலையணும். நீ நடவுக்குப் போகலன்னா அன்னிக்கே பதிவு போயிடும். மருந்தா நிலமான்னு வந்தப்ப..." என்று இழுத்தார். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கலாம். என் உயிர், என் குத்தகை. நான் எதைச் சொல்லியிருப்பேனோ தெரியாது, ஆனால் நான் சொல்லியிருப்பேன்.

மீதியை அவரே சொன்னார். எனக்கு அப்புறம் பதிவு தனக்குத்தான் வரும் என்று காத்திருந்திருக்கிறார். இரண்டு வருடம் முடிந்தது. நான் சாகவில்லை. அதற்குள் மிராசுதார் மனுவோடு கிளம்பிவிட்டார், சாட்சி சொன்னால் உன் பெயருக்கே எழுதித் தருகிறேன் என்று இவரிடம் ஆசை காட்டினார். இவர் ஒத்துக்கொண்டார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் காரணம் சொல்கிற குரலில் கடைசியாக ஒன்று சொன்னார்.

"நீ இவ்வளவு நாளு இருப்பேன்னு நான் நெனக்கல தங்கச்சி."

எனக்கு அழுகை வரவில்லை. கத்துவதற்கு நெஞ்சில் காற்றும் இல்லை. இருந்ததைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டேன்.

"இருக்கேண்ணே. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.